தூக்கிக் கட்டின ஜிப்சி: சாய்வு, அலைச்சல், அதிர்வு, சத்தம் வந்தா எங்கே தேடணும்

என்னோடது 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் மீன் பெட்டி ஏத்தி ஓடின வண்டி. நாகமலை புதுக்கோட்டைக்கு வந்தப்போ பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. அடியில கறுப்பு பெயிண்ட்கூட புதுசா அடிச்சிருந்தாங்க. புது லீஃப் செட்டும் (வில் மாதிரி வளைஞ்ச ஸ்பிரிங் பட்டைகளோட அடுக்கு) கொஞ்சம் நீளமான ஷேக்கிலும் (பட்டையோட ஒரு முனையைச் சேஸோட சேர்க்கற, ஆடுற இணைப்பு) போட்டு மொத்தம் ரெண்டு இஞ்சு தூக்கினோம். ஒரே வாரத்துல நாலு புகார்: இடது பக்கம் சாய்வு, ஸ்டீயரிங் அலைச்சல், அறுபதுல அதிர்வு, பின்னாடி ஒரு டொக்கு சத்தம்.

அதுல ரெண்டு, தூக்கின வேலையில விட்ட குறை. மத்த ரெண்டும் சேஸ் துரு. தூக்கினதால துரு வந்துடல. ஏற்கெனவே இத்துப்போன இடத்தை நீளமான ஷேக்கில் அதிகமா நெம்ப ஆரம்பிச்சுச்சு, அதனால சத்தம் போட்டுச்சு. கீழே சொல்லியிருக்கற ஒவ்வொரு அறிகுறிக்கும் ரெண்டு கேள்வி இருக்கு: தூக்கின வேலையில தப்பா, இல்ல வண்டியோட எலும்புலயே தப்பா? ரெண்டாவது கேள்வியைக் கேட்காம விட்டவங்கதான் பட்டறை பட்டறையா அலையறாங்க. நானும் ரெண்டு மாசம் அலைஞ்சேன்.

நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் உள்ள ஜிப்சி, பழைய மஹிந்திரா ஜீப் வகைகளுக்கு இது பொருந்தும். காயில் ஸ்பிரிங் வண்டிக்குக் கணக்கு வேற.

தூக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்

முதல்ல எவ்வளவு தூக்கப்போறீங்கன்னு யோசிங்க. இருபத்தஞ்சு வருஷம் லோடு அடிச்ச பட்டை, கம்பெனியில வந்த உயரத்துல இருக்கவே இருக்காது. ஆக்ஸில் குழாய்க்கும் சேஸுக்கும் நடுவுல அளந்து பாருங்க. புது ஸ்டாண்டர்டு லீஃப் செட்டு மாத்தினாலே பாதிப் பேருக்கு வேண்டிய உயரம் வந்துடும். சட்டமும் குறுக்கே நிக்குது: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டி ஆர்.சி. புதுப்பிக்க மறுபடி மறுபடி ஆய்வுக்குப் போய் நிக்கணும்ங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க. இழந்த உயரத்தை மீட்கறதோட நிறுத்திக்கலாம்ங்கறதுதான் என் கருத்து. திரும்பச் செஞ்சா நான் ஷேக்கிலை மாத்தவே மாட்டேன்.

ரெண்டாவது, சேஸைத் தட்டிப் பாருங்க. கண்ணால பார்க்கறது போதாது. என் வண்டியில அந்தக் கறுப்பு பெயிண்ட்டுக்கு அடியில பட்டி பூசியிருந்தாங்க. வித்தவருக்கு அந்த வேலையைச் செஞ்சு கொடுத்த பட்டறை, ஓட்டையில துணியைத் திணிச்சு, மேலே பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சு அனுப்பியிருக்கு. அந்த வண்டியிலதான் என் வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டு சிறுமலைக்குப் போயிட்டு வந்தேன். இன்னைக்கு நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

அதைக் கண்டுபிடிச்சது கப்பலூர்ல ஒரு வயசான வெல்டர். வண்டிக்கு அடியில சாக்கை விரிச்சுப் படுத்தார். கையில அரைக் கிலோ சுத்தியல் ஒண்ணு, பழைய ஸ்குரூ டிரைவர் ஒண்ணு. முன்னாலிருந்து பின்னால வரைக்கும் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கிட்டே போனார். கணீர், கணீர், கணீர். இடது பின் சக்கரத்தைத் தாண்டினதும் சத்தம் மாறுச்சு. தண்ணி ஊறின பலகையைத் தட்டின மாதிரி ஒரு ‘சொத்’. “தம்பி, கேட்டுச்சா?”ன்னார். “கேட்டுச்சுண்ணே”ன்னேன். ஸ்குரூ டிரைவரை வச்சு உள்ளங்கையால ஒரு குத்து. கைப்பிடி வரைக்கும் இறங்குச்சு. வெளியே இழுத்தப்போ டீத்தூள் மாதிரி துருவும், கூடவே ஈரத் துணியோட நூலும் வந்துச்சு.

மதுரை வெயிலுக்கு இரும்பு துருப்பிடிக்காதுன்னு நினைக்காதீங்க. மீன் பெட்டியிலிருந்து வடிஞ்ச உப்புத் தண்ணி பொருத்துகளுக்குள்ள புகுந்துட்டா போகாது. கடலுப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வச்சுக்கும். திருமங்கலம், பேரையூர் பக்கம் காட்டுல ஓடின வண்டின்னா கரிசல் மண் சேஸ் மூலையில அப்பி, ஐப்பசி மழையில ஊறினது தை மாசம் வரைக்கும் காயாது. உர மூட்டை ஏத்தின வண்டியும் அப்படித்தான், பொட்டாஷ் உரத்துலயும் உப்பு இருக்கு. வண்டி எங்கே ஓடுச்சு, என்ன சுமந்துச்சுன்னு விக்கறவர்கிட்ட கேளுங்க. மாடலைவிட அது முக்கியம்.

அறிகுறி: வண்டி ஒரு பக்கம் சாயுது

மட்கார்டுலிருந்து அளக்காதீங்க, பாடியே கோணலா இருக்கலாம். சமதரையில நிறுத்தி, டயர் காத்தைச் சரிபார்த்து, ஆக்ஸில் குழாயிலிருந்து சேஸ் அடிப்பகுதி வரைக்கும் நாலு மூலையிலயும் அளந்து சுண்ணக்கட்டியால எழுதுங்க.

வித்தியாசம் இருந்தா இடது லீஃப் செட்டைக் கழட்டி வலது பக்கமும், வலதை இடது பக்கமும் மாத்திப் போடுங்க. அரை நாள் வேலை, செலவு இல்ல. சாய்வும் பக்கம் மாறினா பட்டையில குறை, செட்டை மாத்திக் கேளுங்க. சாய்வு இருந்த இடத்துலயே இருந்தா பட்டை நல்லாருக்கு, சேஸோ, ஷேக்கிலைத் தாங்கற ஹேங்கரோ இறங்கியிருக்கு. என் வண்டியில இடது பக்கமே இருந்துச்சு. அப்பவே சுத்தியலைத் தேடியிருக்கணும். நான் கடைக்காரர்கிட்ட சண்டை போட்டு இன்னொரு செட்டு வாங்கினேன். அவர் மேலே தப்பே இல்ல.

சாய்ஞ்ச பக்கத்துக்கு மட்டும் ஒரு பட்டை கூடுதலாப் போட்டுச் சமன் பண்றது நம்ம ஊர்ல வழக்கம். இறங்கின ஹேங்கரை அது இன்னும் கடினமா இடிக்கும். கேஸ் வச்சுப் பட்டையைச் சூடாக்கி வளைச்சுக் கேம்பர் (பட்டையோட வளைவு) ஏத்தறதும் வேண்டாம். ஸ்பிரிங் எஃகோட பதம் போயிடும், சீக்கிரமே பழையபடி படுத்துக்கும்.

அறிகுறி: ஸ்டீயரிங் நேரா நிக்காம அலையுது

ஜிப்சியில முன் ஷேக்கில் பட்டையோட முன் முனையில இருக்கு. அதை நீளமாக்கினா முன் முனை கீழே போகும், ஆக்ஸிலோட தலை முன்னாடி சாயும். முன் சக்கரம் திரும்பற அச்சான கிங்பின் பின்பக்கம் சாய்ஞ்சிருக்கற கோணம், அதாவது காஸ்டர், குறைஞ்சிடும். சைக்கிளோட முன் ஃபோர்க் சாய்வு மாதிரி அது. சாய்வு போச்சுன்னா திருப்பின சக்கரம் தானா நேருக்கு வராது. ஜிப்சிக்கு மூணரை டிகிரி கிட்ட இருக்கணும்.

கிங்பின் மூடியோட தட்டையான இடத்துல கோணமானி வச்சு, தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அளந்துக்கோங்க. குறைஞ்ச அளவுக்குப் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு வச்சா சரியாகும். ஜிப்சியில பட்டை ஆக்ஸிலுக்கு அடியில இருக்கறதால, முன் ஆக்ஸிலுக்கு ஆப்போட தடிச்ச பக்கம் முன்னாடி வரணும். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருக்கற வண்டின்னா அப்படியே தலைகீழ். இரும்பு ஆப்பே வாங்குங்க, அலுமினியம் நசுங்கும், வெடிக்கும். சென்டர் போல்ட் ஆப்பைத் தாண்டி வர்ற நீளத்துல வேணும். யூ போல்ட்டும் புதுசு போடுங்க. ஒரு தடவை முறுக்கி நீண்ட மரை மறுபடி பிடி தராது. நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் திரும்ப முறுக்குங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க: காஸ்டரை ஏத்தினா முன் ஷாஃப்ட் சேர்ற மூக்கு கீழே இறங்கும். அளவுக்கு மேலே ஏத்தினா ஃபோர் வீல் போடும்போது ஷாஃப்ட் முனையில மடங்கற மூட்டான கிராஸ் அடி வாங்கும்.

அலைச்சல் வேற, ஆட்டம் வேற. பள்ளத்துல விழுந்ததும் ஸ்டீயரிங் கையை உதறுற மாதிரி படபடன்னு ஆடினா, முன் சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் தெரிஞ்சா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலைன்னா கிங்பின் பேரிங். பெரிய டயர் போட்டிருந்தா தேய்ஞ்ச கிங்பின் இன்னும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். ஸ்டீயரிங் டாம்பர் (உதறலை உறிஞ்சற ஷாக்) வாங்கி மாட்டி அமுக்கி வைக்கறது தீர்வே இல்ல.

இதுக்கும் துரு கேள்வி ஒண்ணு இருக்கு. வண்டி நின்ன நிலையில ஒருத்தரை ஸ்டீயரிங்கை இடம் வலமாத் திருப்பச் சொல்லி, நீங்க ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸோட சேர்ற இடத்துல விரலை வைங்க. பாக்ஸும் சேஸும் சேர்ந்து அசையக்கூடாது, நடுவுல இடைவெளி திறந்து மூடவும் கூடாது. மூச்சு விடற மாதிரி அந்த இடம் அசைஞ்சா போல்ட் ஓட்டையைச் சுத்தி வெடிப்பு இருக்கு. வண்டியை அங்கேயே நிறுத்திடுங்க, பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகாதீங்க.

அறிகுறி: அறுபதுக்கு மேலே தரை அதிருது

பின் ஷேக்கில் பின்முனையில இருக்கு. அது நீண்டா டிஃபரன்ஷியலோட மூக்கு மேலே நிமிரும். ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் கோணம் சமமா இருந்தாத்தான் கிராஸ் அதிர்வில்லாமச் சுத்தும். பின் ஆக்ஸிலுக்கு ஆப்போட தடிச்ச பக்கம் பின்னாடி வச்சா மூக்கு இறங்கும். ரிங் ரோட்டுல என்னோட அதிர்வு ரெண்டு டிகிரி ஆப்புல நின்னுச்சு. நிக்கலைன்னா ஷாஃப்ட்டைக் கழட்டி மாட்டினப்போ ரெண்டு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கற கவை) ஒரே நேர்ல வந்துச்சான்னு பாருங்க. அப்புறம் முன், பின் ஷாஃப்ட்டுக்குச் சக்தியைப் பிரிக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ் தொங்குற மூணு ரப்பர் மவுண்ட்டையும் பாருங்க.

அறிகுறி: பின்னாடி டொக்கு சத்தம், மேட்டுல கதவு இறுகுது

இதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். ஸ்பீடு பிரேக்கர்ல ஏறும்போது ஒரு டொக்கு, இறங்கும்போது ஒரு டொக்கு. எல்லாரும் பட்டை முனையில இருக்கற ரப்பர் புஷ்ஷுன்னுதான் சொல்வாங்க. புஷ் மாத்தியும் சத்தம் இருந்தா, ஒரு பின் சக்கரத்தை மட்டும் வரப்பு மேலே ஏத்தி நிறுத்தி கதவைத் திறந்து மூடுங்க. சமதரையில நல்லா மூடற கதவு அங்கே உரசினா சேஸ் முறுக்கிக்கிட்டு இருக்கு. ஷேக்கில் ஹேங்கர், பின் குறுக்குச் சட்டம், பாடி மவுண்ட் காதுகள்னு இந்த மூணு இடத்தையும் கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டுங்க. ரெண்டு தகடு ஒட்டின இடம் உப்பியிருந்தா உள்ளே துரு ஊறிக்கிட்டிருக்கு. துரு, தின்ன இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதான் தகட்டைப் பிளக்குது.

மேலாக மட்டும் துருன்னா சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாத்தி பூசி, எபாக்சி பிரைமர் அடிச்சாப் போதும். ஸ்குரூ டிரைவர் இறங்கினா வெட்டித்தான் ஒட்டணும்.

எங்க வெல்டர் செஞ்ச வரிசையை அப்படியே சொல்றேன். முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டினார். அடுத்தது பெட்ரோல் டேங்கையே இறக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனோம். ஜிப்சியில டேங்க் பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடிதான் இருக்கு, பொறி பறக்கற தூரம். காலி டேங்க்தானேன்னு விடாதீங்க. நிறைஞ்ச டேங்கைவிட ஆவி நிறைஞ்ச காலி டேங்க்தான் ஆபத்து. பிரேக் பைப்பையும் ஒயரையும் நகர்த்திக் கட்டினோம்.

அப்புறம் கொத்தனார் வச்சிருக்கற தூக்குக்குண்டு. சேஸோட ஒரே மாதிரி ஓட்டைகள்லிருந்து குண்டைத் தொங்கவிட்டு, தரையில புள்ளி வச்சு, குறுக்கு மறுக்கா ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்தார். நாலு மில்லி வித்தியாசம். அதைச் சுவத்துலயே எழுதி வச்சார், வெல்டிங் முடிஞ்சப்புறமும் அது கூடக்கூடாதுன்னு. வண்டி நாலு ஸ்டாண்டு மேலே, வெட்டப்போற இடத்துக்கு ரெண்டு பக்கமும் முட்டு. ஆங்கிள் இரும்பு ஒண்ணைக் குறுக்கே டேக் (புள்ளி வெல்டிங்) அடிச்சு, அதுக்கப்புறம்தான் கட்டிங் வீலை எடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில படுக்காதீங்க.

இத்த பகுதியோட நிறுத்தாம, நல்ல இரும்புல ரெண்டு இஞ்சு உள்ளே போய் வெட்டினார். மூலைகளை வளைவா விட்டார். கூர்மூலைதான் வெடிப்புக்கு வாசல். வெர்னியர் வச்சு சேஸ் தடிமனை அளந்து அதே தடிமன் தகடு எடுத்தார். “ஆறு மில்லி போடலாமேண்ணே, பலமா இருக்குமே”ன்னு கேட்டேன். “மெல்லிசு பக்கத்துல தடிச்சது நின்னா, மெல்லிசுதான் தம்பி உடையும்”னார். வளைஞ்சு கொடுக்கற சேஸுல அசையாத தகடு ஒட்டினா, அடுத்த வெடிப்பு வெல்டிங் ஓரத்துலயே வரும்.

மேலே ஒட்டின பலப்படுத்தற தகட்டோட முனையை நெட்டுக்குத்தா வெட்டாம மீன் வால் மாதிரி வெட்டினார். சேஸோட மேல் விளிம்பு, கீழ் விளிம்புல குறுக்கே ஒரு கோடு வெல்டிங்கூட ஓடல. இழுவையும் அமுக்கமும் அங்கேதான் அதிகமா வருது. நடுவுல ஓட்டை போட்டு அடைப்பு வெல்டிங். ஒரு இஞ்சு இங்கே, ஒரு இஞ்சு எதிர்ப்பக்கம்னு மாத்தி மாத்தி வச்சு, ஆறவிட்டு, மறுபடி. தண்ணி ஊத்தி ஆறவைக்க விடாதீங்க. வெல்டிங் ராடு 7018, அதையும் காயவச்சு எடுத்தார். ஈரம் குடிச்ச ராடு வெல்டிங்கை உள்ளேயே வெடிக்க வைக்கும். வெறும் வெடிப்பு மட்டும் இருந்த ஒரு இடத்துல, வெடிப்பு முடியற நுனியில சின்ன ஓட்டை போட்டு ஓட்டத்தை நிறுத்திட்டு, வெடிப்பை வி வடிவமாக் கிரைண்ட் பண்ணி நிரப்பினார்.

சேஸ் நம்பர் பஞ்ச் அடிச்ச இடத்துக்குக் கிட்டக்கூட கிரைண்டரைக் கொண்டுபோகாதீங்க. அந்த இடமே இத்திருந்தா வேலை தொடங்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க. நம்பர் அழிஞ்ச வண்டிக்குப் பதில் சொல்லி மாளாது.

முடிஞ்சதும் அளந்தோம். அதே நாலு மில்லி. ஹேங்கர் பழைய உயரத்துக்கு வந்ததால சாய்வும் கூடவே போயிடுச்சு.

அறிகுறி: கட்டை மாதிரி அடிக்குது

ஷேக்கில் நிக்கற கோணத்தைப் பாருங்க. பட்டை அமுங்கும்போது நீளும், அந்த நீளம் போக ஷேக்கிலுக்கு இடம் வேணும். முனையில ஒட்டி நின்னா பட்டை வேலை செய்யாது. இன்னொண்ணு, ஷேக்கில் போல்ட்டை வண்டி ஜாக்கியில தொங்கும்போதே முழுசா முறுக்கியிருந்தா ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே இருந்து கிழியும். தளர்த்திட்டு, வண்டி தன் காலுல நின்னப்புறம் முறுக்குங்க.

அறிகுறி: பிரேக் மாறின மாதிரி இருக்கு

சேஸுல ஜாக்கி வச்சு ஆக்ஸிலை முழுசாத் தொங்கவிடுங்க. பிரேக் ஹோஸ் விறைப்பா இழுத்துக்கிட்டு இருந்தா நீளமான ஹோஸ் போடாம வண்டியை எடுக்காதீங்க. ஷாக் அப்சார்பரும் அந்த நிலையில கடைசி முனையில தொங்கக்கூடாது. பின்னாடி லோடு வால்வு (சுமைக்குத் தகுந்தபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கறது) உள்ள வண்டியில, சேஸ் உயர்ந்ததும் வால்வு வண்டி காலியா இருக்குன்னு நினைச்சுப் பின் பிரேக்கைக் குறைச்சிடும். அதோட லிங்க்கைச் சரிசெய்யணும்.

அறிகுறி: ஒட்டின இடத்துல மறுபடி பழுப்புக் கோடு

மழை நின்ன மறுநாள் பொருத்து ஓரத்துல டீ வடிஞ்ச மாதிரி கோடு தெரிஞ்சா வெளியே பெயிண்ட் அடிச்சுப் பயனில்ல, ஈரம் உள்ளேயிருந்து வருது. பெட்டி சேஸோட அடியில இருக்கற வடிகால் ஓட்டைகள் மண்ணடைச்சிருக்கும். கம்பி விட்டுக் குத்தி, தண்ணி பாய்ச்சி உள்ளே இருக்கற மண்ணை வெளியேத்துங்க. ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல நிறுத்துங்க. பங்குனி, சித்திரை வெயில்தான் இதுக்குத் தோது. அப்புறம் நீளக்குழாய் மாட்டி உட்குழி மெழுகை வடிகால்ல சொட்டற வரைக்கும் உள்ளே அடிங்க. சொட்டினது உறைஞ்சு ஓட்டையை அடைச்சிருந்தா மறுபடி குத்தி விடுங்க.

வேஸ்ட் ஆயில் அடிக்கறவங்களும் உண்டு. நான் அடிக்கறதில்ல. நம்ம புழுதியில அது மண்ணை இழுத்து ஒட்டவச்சு அந்த மண்ணே ஈரத்தைப் பிடிச்சுக்குது, ரப்பர் புஷ்ஷும் ஊறி உப்பிடுது. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறக்கறதுக்கு முன்னாடி அந்த அரைக் கிலோ சுத்தியலை எடுத்துக்கிட்டு அடியில படுக்கறேன். முன்னாலிருந்து பின்னால வரைக்கும், ஒரு சாண் விட்டு ஒரு சாண்.